பத்தொன்பது

ஐந்து ரோட்டில் ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில்
எனக்கு முன்னால் நின்றவன் கையில்
என்னைப் பார்த்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு பக்கம், சுருள் கம்பி போட்டது.
என் கையெழுத்து இல்லை, தட்டச்சு.
ஆனால் சோழர் வரிசை மறக்காமலிருக்க
நான் கட்டிய அசட்டு வாக்கியம்
அப்படியே இருந்தது,
அதில் வரும் எங்கள் தெரு நாய்
சோடாமூடியோடு.

பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே, சாம்பல் நிறத்தில்
தீர்த்தகிரி அகாடமி.
அடியில் பொடி எழுத்தில்
அனுமதியின்றி நகலெடுப்போர் மீது
சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

தீர்த்தகிரி
குரூப் டூ வகுப்பில் எனக்குப் பின் பெஞ்ச்.
"ஒரு ராத்திரி மட்டும் குடுங்கக்கா,
காலைல தந்துடறேன்" என்று வாங்கிப் போய்
காலையில் தந்தவன்தான்.
பொய் சொல்லவில்லை.
அந்த ஒரு ராத்திரிக்கு இப்போது
தொண்ணூற்றொன்பது ரூபாய்.
டெலிகிராமில் நான்காயிரம் பேர்.

அஸ்தம்பட்டி வக்கீல் கேட்டார்:
"உங்களுதுன்னு எப்படிம்மா காட்டுவீங்க?
சோழன் உங்க சொத்தா?"

பாதி, வகுப்பில் சார் சொல்லச் சொல்ல எழுதியது.
கால்வாசி, மாவட்ட நூலகத்தில்
வெளியே தராத புத்தகத்தைப் போனில் படமெடுத்து எழுதியது.
மீதி யார் சொன்னது என்று நானே மறந்தது.
ஜவ்வரிசி மில் சல்லடையில் போட்ட மாதிரி
என்னைச் சலித்துப் பார்த்தேன்.
தங்கியது ஒரு நாயும் ஒரு தப்பும்.

"நாயெல்லாம் கோர்ட்ல நிக்காதும்மா.
தப்பைச் சொல்லுங்க."

ஐம்பத்தாறாம் பக்கம்.
ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள்: 19.
எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை, நானே எண்ணியது.
கல்லூரிச் சுற்றுலா, ஜன்னலோரம், விரல் மடக்கி.
ஒரு வளைவில் மட்டும் தலையை வெளியே நீட்டி
வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.
இருபதில் ஒன்று
அங்கே போனது.

வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது.
"இது போதும். கைரேகை மாதிரி.
திங்கக்கிழமை நோட்டீஸ் அனுப்பிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை தேர்வு.
முடிந்து பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றபோது
பக்கத்தில் மாராயி.
வெள்ளக்கடையிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் இறங்கி
கடைவீதித் துணிக்கடையில் ராத்திரி வரை நிற்பவள்.
வினாத்தாளைப் பிரித்தாள்.
"இதுக்கு என்னக்கா போட்டீங்க?"

இருபது என்றேன்.
(அதற்குள் சரியான கணக்கை நான் தெரிந்துகொண்டிருந்தேன்.)

"எனக்கும் அதாங்க்கா தெரியும்.
கண்ண மூடிட்டே சொல்லுவேன்,
எந்த வளைவுல ஹார்ன் அடிப்பாங்க,
எதுல கொரங்கு உக்காந்திருக்கும்னு.
ஆனா நோட்ஸ்ல பத்தொம்பதுன்னு இருந்துச்சு.
காசு குடுத்து வாங்கினது.
அச்சுல இருக்கறது
தப்பாவா இருக்கப் போவுதுன்னு..."

ஒன்றரை மதிப்பெண்.

அது என் நோட்ஸ் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன்.
காரம் தூக்கலாக இருக்கிறது என்றாள்.

அன்று ராத்திரி தீர்த்தகிரிக்கு அனுப்பினேன்:
ஐம்பத்தாறாம் பக்கம். இருபது. மாத்து.
இரண்டு நீலக் கோடு.
கும்பிடும் கை ஒன்று.
வேறொன்றும் பேசவில்லை அவன்,
நானும்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது திருத்திய பதிப்பு.
நூற்று நாற்பத்தொன்பது.
"இருந்த ஒரே சாட்சியையும்
நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்களே" என்று
வக்கீல் போனை வைத்தார்.

நாய் மட்டும் இன்னும் இருக்கிறது அதில்.
நான்காயிரம் பேர்
சோடாமூடி, சோடாமூடி என்று கூப்பிட்டுக்கொண்டே
சோழர்களை அடுக்குகிறார்கள்.
இங்கே அது
டிரான்ஸ்பார்மர் நிழலில் படுத்திருக்கிறது,
யார் கூப்பிட்டாலும்
திரும்பிப் பார்க்காமல்.